கழுத்து மட்டும் கடைசியில்

கழுத்துத் துணியை இறுக்காதீங்க தம்பி. தளர்த்துங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். முடி உள்ளே விழுந்தால் விழட்டும், நான் என்ன குளிக்காமலா இருக்கப்போகிறேன்? அந்தக் கத்தியைக் கண்ணாடிக்கு முன்னால் வைங்க. நான் பார்க்கிற மாதிரி வைங்க. அவசரம் ஒன்றும் இல்லை. மணி ஏழரைதானே ஆகிறது. எங்கள் வேன் ஒன்பது மணிக்குத்தான் வரும். நான் மட்டும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். வேனில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று யார் கண்டது?

எங்கள் ஊரில் கடை இல்லாமல் கோயிலுக்கு ரோடு பிரிகிற இந்த வேலாங்காட்டுப் பிரிவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதீங்க. நாலு கடை இருக்கிறது. நாலும் குப்பை.

என் பேர் அர்த்தநாரி. ஈரோட்டுப் பக்கம். விசைத்தறிப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன். படிப்பு நாலாம் கிளாஸோடு சரி. ஆனால் தறி ஓடுகிற சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். முதலாளியே என்னை ‘மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை ‘முதலாளி’ என்பேன். அதோடு சரி. ‘சார்’ என்று நான் ஒருத்தனையும் கூப்பிட்டது கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்தால் ‘இன்ஸ்பெக்டரே’. பேங்கில் மேனேஜர் கூப்பிட்டால் ‘சொல்லுங்க மேனேஜர்’. அவ்வளவுதான்.

இன்றைக்குப் பொன்னாச்சியம்மன் கோயிலில் என் பேரனுக்கு மொட்டை. ஒன்றரை வயசு. அகிலன் என்று பேர். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் முடி இறக்கணும், உங்களுக்குத் தெரியாததா? என் மகன் பூபதிக்குக் கத்தாரில் வேலை. லீவு கிடைக்கவில்லையாம். தாய்மாமன் வராவிட்டால் தாயைப் பெற்றவன் மடி. அது எங்கள் வழக்கம். அதில் பேச்சே கிடையாது.

ஆனால் பேசினாள். சம்பந்தியம்மா பேசினாள். போன வாரம் வீட்டுக்கு வந்து, காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், என் பெண்டாட்டி பாவாயியிடம் சொல்கிறாள்: “ஏனுங் சம்பந்தி, பெரியவருக்கு முடியலைன்னா எங்க அண்ணன் மடியில உக்கார வெச்சுக்கலாமுங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது பாருங்க.”

எனக்கு என்ன முடியவில்லை? நடக்கிறேன், தின்கிறேன், தூங்குகிறேன். தூக்கம் முன்னே பின்னே இருக்கும், அது வயசு. அவளுடைய அண்ணன் மடியில் என் பேரன் தலை முடி விழுவதா? அந்த ஆள் பல் விளக்குகிறானோ என்னவோ. “நான் உக்காருவேன்” என்று சொல்லிவிட்டேன். “தாடியோட உக்காந்தா குழந்தை அழுமுங்க” என்றாள். “எடுத்துட்டு வர்றேன்” என்றேன். அதற்காகத்தான் வந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

எட்டு மாசத் தாடி. வேண்டுதல் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். எந்தச் சாமிக்கு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது எங்கள் ஊர் பக்தி.

கத்திரியால் முதலில் குறைச்சு விடுங்க. கத்திரி பரவாயில்லை.

என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காத முதல் ஆள் நீங்கள்தான். அதனால் சொல்கிறேன். எங்கள் ஊரில் வந்தவன் போனவன் எல்லாம் கேட்டான். துக்கம் விசாரிக்கிற மாதிரி ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, “கத்தி எவ்வளவு நீளம் இருக்கும்?” என்று கேட்கிறான். அளந்து பார்க்க இஞ்ச் டேப்பா வைத்திருந்தேன்? இன்னொருத்தன் தன் கொழுந்தியாளின் சங்கிலி பஸ்ஸில் போன கதையை ஒரு மணி நேரம் சொன்னான். என் வீட்டில் உட்கார்ந்து, எனக்கு வந்த ரொட்டியைத் தின்றுகொண்டு, அவன் கொழுந்தியாளின் கதை.

ஒரு வளர்பிறை முகூர்த்தம். நானும் ராக்கியப்பனும் கல்யாணச் சோறு தின்றுவிட்டு வாய்க்கால் கரை வழியாக நடந்து வந்தோம். ராக்கியப்பன் என்கிறவன் என் கூட்டாளி. கூட்டாளியாக இருந்தவன். ஒரே பட்டறையில் முப்பது வருஷம். பட்டப்பகல், மூணு மணி. வயிறு முட்டச் சாப்பாடு. அவன் ஓரமாக ஒதுங்கிப் புங்க மரத்துக்குப் பின்னால் போனான். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பார் கொஞ்சம் தண்ணியாக இருந்தது, அதனால் இருக்கும்.

ஒரு பைக் வந்து நின்றது. ரெண்டு பையன்கள். “ஐயா, இப்பிடிப் போனா பவானி ரோடு வருங்களா?” என்றான் ஒருத்தன். ‘ஐயா’ என்றானே, நல்ல வீட்டுப் பையன் என்று நினைத்து நான் கையை நீட்டி வழி காட்டினேன். நீட்டின கையில் மோதிரம். அதைத்தான் அவன் பார்த்தான். நான் ரோட்டைக் காட்டுகிறேன், அவன் விரலைப் பார்க்கிறான்.

அப்புறம் இங்கே வைத்தான். இந்த இடத்தில். காதுக்குக் கீழே, சங்குக்குப் பக்கத்தில். சில்லென்று இருந்தது. இத்தனைக்கும் வைகாசி வெயில்.

தம்பி, அந்தக் கத்திரியைக் காது கிட்டக் கொண்டு வரும்போது சொல்லிவிட்டுக் கொண்டு வாங்க. திடீரென்று கொண்டு வராதீங்க. தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டுத்தான் செய்வான்.

“பெருசு, மோதிரத்தைக் கழட்டு. கத்துனே, சங்கு அறுந்துரும்.”

நான் விடுவேனா? “டேய், யாருகிட்டடா கத்தி காட்டுறே?” என்று போட்டேன் ஒரு சத்தம். அவன் அரண்டுபோனான். ஆனால் இன்னொருத்தன் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டான். பிடித்து இழுத்து, மோதிரத்தை உருவிக்கொண்டு, செல்போனையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்கள். ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

ஸ்டேஷனா? அதை ஏன் கேட்கிறீங்க? “பெரியவரே, நகையைப் போட்டுக்கிட்டு எதுக்கு வாய்க்கா கரையில நடந்தீங்க?” என்கிறான் ரைட்டர். நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாமல் கருமாதிக்கா போவார்கள்? ரெண்டு மாசம் கழித்துக் கூப்பிட்டு எட்டுப் பத்து போட்டோவைப் பரப்பி, “இதுல யாருன்னு பாருங்க” என்றார்கள். எல்லாம் ஒரே மாதிரி மூஞ்சி. நான் மூஞ்சியை எங்கே பார்த்தேன்? “கத்தியைக் கொண்டாந்து காட்டுங்க, அடையாளம் சொல்றேன்” என்றேன். சிரிக்கிறார்கள். பிளாஸ்டிக் பிடி, பச்சைக் கலர், பிடியில் ஒரு இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி ஓட்டை. இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? ஒருத்தனும் எழுதிக்கொள்ளவில்லை.

வாய்க்கால் கரையில் கேமரா வைக்கிறோம் என்று கம்பம் நட்டார்கள். கம்பம் நிற்கிறது. கேமராவைக் காணோம். கம்பத்தில் இப்போது ஒரு எருமையைக் கட்டியிருக்கிறார்கள். எருமையாவது யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அஞ்சாம் நாள் எங்கள் ஊர் வையாபுரி கடைக்குப் போனேன். மூணு நாளைக்கு ஒருதரம் முப்பது வருஷமாக எனக்குச் சவரம் செய்தவன். நுரை போட்டான். கன்னம் முடித்தான். தாடையைத் தூக்கிப் பிடித்தான் பாருங்க, அவனுக்கு என்ன ஆச்சோ, கை சரியில்லை. கத்தி ஒரு மாதிரி வந்தது. நான் லேசாகத் தட்டிவிட்டேன். அவன் கட்டைவிரலில் கொஞ்சம் பட்டுவிட்டது. மூணு தையல். மூணே மூணு. அதற்கு அவன் பெண்டாட்டி தெருவில் நின்று, “கை நீட்டற ஆளுக்கெல்லாம் இனிமே செரைக்கப் போகாதே” என்று கத்துகிறாள். சொல்லுங்க, கை நடுங்குகிற வயசில் ஒருத்தன் தொழிலை விட வேண்டாமா? அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் நான் அவன் கடைக்குப் போகவில்லை.

நீங்கள் ஏன் தள்ளி நிற்கிறீங்க? உங்களை ஒன்றும் செய்ய மாட்டேன். கன்னத்துக்கு நுரை போடுங்க.

மாப்பிள்ளை மோகன்ராசு, படித்த மாப்பிள்ளை, என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். ஊசி இல்லை, மருந்து இல்லை, டாக்டர். “ஐயா, பயம் வரும்போது மூச்சை மெதுவா உள்ளே இழுங்க. நாலு வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் மெதுவா விடுங்க” என்கிறாள். அறுபத்துநாலு வருஷமாக விடுகிற மூச்சு! அதை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு காலேஜ் படிப்பு! “யாருக்கும்மா பயம்?” என்று கேட்டேன். “சும்மா, வந்தா” என்றாள். “எண்ணுறதுல என்னம்மா இருக்கு?” என்றேன். “எண்ணிக்கிட்டு இருக்கும்போது மனசு கத்தியைப் பார்க்காதுங்க ஐயா” என்றாள். என்ன பேச்சு பாருங்க. மனசுக்கு என்ன கண்ணா இருக்கிறது?

பாவாயி அவள் பங்குக்கு மந்திரிச்சுக் கயிறு கட்டினாள். அரிக்கிறது என்று கழட்டி எறிந்துவிட்டேன். சமையல் கட்டில் அரிவாள்மனையை ஒளித்து வைத்துவிட்டு, வெண்டைக்காயைக் கையால் ஒடித்துப் போட்டுக் குழம்பு வைக்கிறாள். கேட்டால், “உங்களுக்குத்தான் அந்தச் சத்தம் புடிக்கலையே” என்கிறாள். நான் எப்போது சொன்னேன்? ஒருநாள் மாங்காய் வெட்டின தட்டு கை பட்டுக் கவிழ்ந்தது. கவிழ்ந்தது, அவ்வளவுதான். நான் கவிழ்க்கவில்லை.

ஆனால் தம்பி, எல்லோரையும்விட ராக்கியப்பனைத்தான் என்னால் மன்னிக்க முடியாது.

புங்க மரத்துக்குப் பின்னால் இருந்தான் என்று சொன்னேனே. ஓடிவிட்டான் என்று நான் ஊரில் சொல்லியிருக்கிறேன். கூட்டாளியை விட்டுவிட்டு ஓடினவன். டீக்கடையில் அவன் வந்தால் நான் எழுந்துவிடுவேன். அவன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது நான் கட்டிலை விட்டு எழவில்லை. பாவாயிதான் வாங்கினாள்.

அவன் ஓடவில்லை.

ஓடியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அங்கேயே நின்றான். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, பத்தடி தூரத்தில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

கன்னம் முடிஞ்சுதா? கை பரவாயில்லை உங்களுக்கு. வையாபுரி அளவுக்கு இல்லை. இருங்க. தாடையைத் தூக்காதீங்க. நான் சொல்லும்போது தூக்கலாம். கழுத்து மட்டும் கடைசியில்.

மோதிரம் வரவில்லை தம்பி. கல்யாணத்தில் மாமனார் போட்டது, முப்பத்தாறு வருஷம் கழட்டினதே இல்லை. விரல் அதைச் சுற்றி வீங்கிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. “விரலோட எடுத்துக்கட்டுமா பெருசு?” என்றான். அப்போது நான்... விரலை வாயில் வைத்துக்கொண்டேன். பச்சைக் குழந்தை மாதிரி. எச்சில் பட்டால் வழுக்கும் இல்லையா? வாய்க்குள்ளே வைத்துப் பல்லால் கடித்து இழுத்தேன். கத்தி இங்கே. விரல் வாயில். அந்தப் பையன் சிரித்தான். வந்த மோதிரத்தை நானே அவன் கையில் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு, “விட்டுருங்க சார்” என்றேன்.

‘சார்’ என்றேன். இருபது வயசு இருக்குமா அவனுக்கு? “சார், வேற ஒண்ணும் இல்லைங்க சார்.” எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ராக்கியப்பனுக்குத் தெரியும்.

‘டேய்’ என்று நான் ஒரு சத்தமும் போடவில்லை.

அவன்கள் போன பிறகு ராக்கியப்பன் வந்து என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையைத் துடைத்தான். எச்சில் கை. ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டபோது நான் முழித்தேன். அவன்தான் சொன்னான்: “இவரு சும்மா உடலீங்க. ‘டேய், யாருகிட்டடா கத்தி காட்டுறே’ன்னு அதட்டுனாருங்க. நானே கேட்டனுங்க.” ரைட்டர் எழுதிக்கொண்டான். வெளியே வந்ததும் என்னிடம், “அர்த்தநாரி, எவன் கேட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன், நீ வெசனப்படாதே” என்றான்.

பாருங்க தம்பி, எவ்வளவு திமிர். எனக்கு அவன் பொய்ச்சாட்சி சொல்கிறானாம். நான் கேட்டேனா? எட்டு மாசமாக ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான். என்னை ஊர் பாராட்டுகிறது. ஒவ்வொரு தரம் பாராட்டும்போதும் எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வருகிறது. என் எச்சிலைத் துடைத்த துண்டு. இவன் ஒருத்தன் செத்தால்தான் எனக்கு நிம்மதி என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. என்ன ஜென்மமோ.

பேரன் எந்நேரமும் விரலை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறான். பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். வெடுக்கென்று பிடுங்கி விடுவேன். அழுவான். என் மகள் கோகிலா ஒருநாள், “அப்பா, அவன் உங்களைக் கண்டாலே கையைப் பின்னாடி ஒளிக்கிறான்ப்பா” என்றாள். அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. எதற்கு அழுகிறாள் என்று கேட்கிறேன்? பிள்ளைக்குப் பல் கோணலாகிவிடும் என்றுதானே பிடுங்குகிறேன்.

அவனைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் மடியில் வைக்கணும். அவன் தலைக்கு மேலே கத்தி வரும். என் கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில். நான் கையை ஆட்டினால், வையாபுரிக்குத் தட்டிவிட்ட மாதிரி தட்டிவிட்டால்... ஒன்றும் ஆகாது. சும்மா சொல்கிறேன். சம்பந்தியம்மா நினைக்கிறாளே, அதைச் சொல்கிறேன்.

போன் அடிக்கிறது. அந்தச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுங்க, கழுத்தெல்லாம் நுரை.

சொல்லு கோகிலா. வந்துட்டீங்களா? அதுக்குள்ளேயா? பிரிவுலதான் இருக்கேன். சலூன்ல. அட, சலூன்லதான். எதுக்கு இப்போ அழறே? பாதி முடிஞ்சுது. யாரு? ராக்கியப்பனா? அவனை யாரு வேன்ல ஏத்துனா? உங்கம்மாளா? நான் இருக்கற இடத்துக்கு அவன் எதுக்கு? வேண்டாம். வேண்டாங்கறேன்... சரி, வரச் சொல்லு. உள்ளே வர வேண்டாம். வெளியிலே நிக்கட்டும். அந்தப் பெட்டிக்கடை கிட்ட நிக்கட்டும். நான் பாக்கற மாதிரி நிக்கச் சொல்லு.

வெச்சுட்டேன். அவனைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. நிற்கட்டும், வெயில் கொஞ்சம் படட்டும்.

சரி தம்பி. கத்தியை எடுங்க. புது பிளேடு போடுங்க. எனக்கு முன்னால் போடுங்க. ஆங்.

தாடையைத் தூக்கிக்கொள்கிறேன். நானே தூக்கிக்கொள்கிறேன், நீங்கள் தொடாதீங்க. இப்போது கொண்டு வாங்க. மெதுவா. மெதுவா... நிறுத்துங்க!

நிறுத்துங்க.

ஒன்றும் இல்லை. உங்கள் கை நடுங்குகிறது. அதனால்தான் சொன்னேன். இந்த வயசில் இப்படி நடுங்கினால் எப்படித் தம்பி தொழில் செய்வீங்க? கொடுங்க, உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். இறுக்கமாகத்தான் பிடிப்பேன். வலிக்கிறதா? வலித்தால் வலிக்கட்டும். நான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் வழிங்க.

அங்கே பாருங்க, வந்துவிட்டான். பெட்டிக்கடை கிட்ட வெள்ளைத் துண்டோடு நிற்கிறான் பாருங்க, அவன்தான். அவன் நிற்கிற நிற்பைப் பாருங்க. அன்றைக்கும் இப்படித்தான் நின்றான். இன்றைக்கும் பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

பொறுங்க, இன்னும் வைக்காதீங்க. நான் கொஞ்சம் எண்ணுகிறேன். எனக்கு இல்லை, உங்களுக்குத்தான். உங்கள் நடுக்கம் நிற்பதற்கு. எண்ணினால் நிற்குமாம், ஒரு டாக்டரம்மா சொன்னாள். நாலுக்குள் முடிக்கணும் என்று இல்லை. முடியாவிட்டால் திரும்ப முதலில் இருந்து எண்ணுகிறேன்.

ஒன்று.

ரெண்டு.

வழிங்க தம்பி, வழிங்க. நான் கையை விட மாட்டேன்.

மூணு.